புறக்கோட்டையின் பழைய டவுன் ஹோல்: சந்தைக்குப் பக்கத்தில் இருந்த சபை

கேட்டவர் வத்தளையிலிருந்து தினமும் புறக்கோட்டைக்கு வேலைக்கு வருகிறவர். "மெயின் ஸ்ட்ரீட் முடிகிற இடத்தில் கூர்மையான வளைவுகளோடு ஒரு பழைய மாடிக் கட்டடம் நிற்கிறது. கடைக்காரர் அதை டவுன் ஹோல் என்கிறார்கள். பஸ் கொண்டக்டர் டவுன் ஹோல் என்று கூவி இறக்கிவிடுவதோ பார்க்குக்கு முன்னால் உள்ள குவிமாடக் கட்டடத்தில். ஒரு ஊருக்கு ஏன் இரண்டு? பழையதை யார் கட்டினார்கள்? உள்ளே பார்க்க ஏதும் உண்டா?" இதுதான் கேள்வி.

முதலில் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். புறக்கோட்டையில் நிற்பது 1873ஆம் ஆண்டுக் கட்டடம். கொழும்பு மாநகர சபை அங்கேதான் கூடிவந்தது. 1928இல் சபை கறுவாத்தோட்டத்துப் புதிய கட்டடத்துக்குக் குடிபோனது, போகும்போது பெயரையும் கையோடு கொண்டுபோய்விட்டது. புறக்கோட்டைக்காரர் மட்டும் அந்தப் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. என் அப்பாவுக்குக் கெய்சர் தெருவில் கடை. ஒருமுறை ஊரிலிருந்து முதன்முதலாக வந்த மாமாவுக்கு, "டவுன் ஹோல் வாசலில் நில், வந்து கூட்டிப்போகிறேன்" என்று சொல்லியனுப்பினார். மாமா கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, யாரிடமோ விசாரித்து, 138 ஏறி, பூங்காவுக்கு முன்னால் பெட்டியும் பனங்கட்டிக் குட்டானுமாக இரண்டு மணித்தியாலம் நின்றார். அப்பா இங்கே பழைய கட்டடத்தடியில், கேமன் கேட் பக்கம் நின்றார். இருவருமே சொன்ன இடத்தில்தான் நின்றார்கள்.

இடத்தைப் பற்றிச் சொல்லாமல் கட்டடத்தைச் சொல்ல முடியாது. புறக்கோட்டை என்பது கோட்டைக்குப் புறத்தே உள்ள ஊர். ஆங்கிலேயர் அதைப் 'பெட்டா' என்றார்கள். அது நம்முடைய 'பேட்டை'தான். நாம் கொடுத்த சொல்லை அவர்கள் வைத்துக்கொள்ள, நாம் வேறு சொல்லுக்குப் போய்விட்டோம். 'கேமன் கேட்' என்ற பெயர் ஒல்லாந்தர் விட்டுப்போனது. 'கைமன்' என்றால் முதலை. நகரைச் சுற்றியிருந்த நீர்நிலைகளில் முதலைகள் திரிந்ததால் அந்த வாயிலுக்கு அப்படியொரு பெயர். வாயில் போய்விட்டது, முதலையும் போய்விட்டது. அந்த இடத்தில் பழைய மணிக்கூண்டு ஒன்று இன்னும் நிற்கிறது. அதிலுள்ள மணி கோட்டே பக்கத்துப் போர்த்துக்கேயத் தேவாலயம் ஒன்றின் இடிபாட்டிலிருந்து எடுத்து வரப்பட்டது என்பார்கள். பக்கத்திலிருந்த கேஸ் வேர்க்ஸ் தெரு இப்போது போதிராஜ மாவத்தை. தெரு விளக்குக்கு வாயு காய்ச்சிய காலத்துப் பெயர் அது.

1870களின் தொடக்கத்தில் இந்தச் சுற்றாடல் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கோட்டை மதில்களை 1869 முதல் இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். கண்டிக்கு ரயில் 1867இல் ஓடிவிட்டது. மலைநாட்டுக் கோப்பி கொழும்புக்கு இறங்கி வந்து கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. பணம் புரண்ட இடம் புறக்கோட்டை. செட்டியார்மாரின் வட்டிக் கடைகளும் அரிசி மண்டிகளும் துணிக் கடைகளும் இங்கேதான். நகரம் என்றால் இதுதான் நகரம். ஆகவே நகரசபைக்குக் கட்டடம் எங்கே என்று அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

சபை கட்டடத்தைவிடச் சற்று மூத்தது. 1865ஆம் ஆண்டின் மாநகர சபைக் கட்டளைச் சட்டத்தால் உண்டானது, 1866இல் வேலையைத் தொடங்கியது. தலைமை ஆசனத்தில் முதலில் இருந்தவர் சார்ள்ஸ் பீற்றர் லேயார்ட், அரசாங்க அதிபர். ஆகவே குடிகளின் சபை என்று பெரிதாக எண்ணிவிட வேண்டாம். தலைவர் அரசாங்கத்தின் ஆள், உறுப்பினரில் ஒரு பகுதி நியமனம், வாக்குரிமையும் சொத்துள்ளவர்களுக்கு மட்டுந்தான். இருந்தாலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. சட்டவாக்க சபையில் படித்த இலங்கையருக்கென்று ஒரே ஒரு ஆசனம் ஒதுக்கி, அதற்குத் தேர்தல் நடந்து, பொன்னம்பலம் இராமநாதன் வென்றது 1911இல். அதற்கு நாற்பது வருஷத்துக்கும் மேலாக முன்பே மாநகர சபையில் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். இந்த நாட்டில் தேர்தலில் வென்றவர்கள் வந்து உட்கார்ந்த மிகப் பழைய அறைகளில் ஒன்று புறக்கோட்டையில், வெங்காய மூட்டைகளுக்கும் கைவண்டில்களுக்கும் நடுவே இருக்கிறது. அங்கே தினமும் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாருக்கும் தெரியாது, கடை முதலாளிமாரில் பாதிப்பேருக்கும் தெரியாது.

வரைபடம் போட்டவர் ஜேம்ஸ் ஜோர்ஜ் ஸ்மிதர், அரசாங்கப் பொதுவேலைப் பகுதியின் கட்டடக் கலைஞர். கொழும்பு நூதனசாலையும் அவர் வரைந்ததுதான். அநுராதபுரத்துத் தூபிகளையும் இடிபாடுகளையும் அளந்து படம் வரைந்து வெளியிட்டவரும் அவரே. ஆகவே இந்த மண்ணின் கட்டடக் கலையை நின்று பார்த்த கண் அவருக்கு இருந்தது. ஆனால் டவுன் ஹோலில் அதன் சாயல் துளியும் இல்லை. அது கோதிக் மறுமலர்ச்சிப் பாணி. ஜன்னல் வளைவுகள் அரைவட்டமாக முடியாமல் உச்சியில் கூராகச் சேரும், இரண்டு கைகளையும் கும்பிட்டது போல. நடுக்கால ஐரோப்பாவின் தேவாலயங்களுக்குரிய வடிவம் அது. சபைக்கும் தேவாலயத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். லண்டனில் பாராளுமன்றத்தையே கோதிக்கில் கட்டி முடித்திருந்த காலம். மான்செஸ்டர் நகர மண்டபமும் இதே ஆண்டுகளில் இதே பாணியில் எழும்பிக்கொண்டிருந்தது. ஊராட்சி என்றால் கூர் வளைவு என்பது அன்றைய மோஸ்தர். மோஸ்தர் என்று நான் குறைத்துச் சொல்லவில்லை. அதே ஸ்மிதர் சில வருஷங்களில் நூதனசாலைக்கு இத்தாலியப் பாணியை எடுத்தார். எதற்கு எந்தச் சட்டை பொருந்தும் என்று தேர்ந்து போடத் தெரிந்தவர்.

ஆனால் சட்டைதான் சீமைச் சட்டை. உடம்பு கொழும்பு உடம்பு. கீழே தொடர் வளைவுகளோடு கூடிய நடை. வெயிலும் தென்மேற்குப் பருவ மழையும் சுவரில் நேராக மோதாமல் அது வாங்கிக்கொள்கிறது. இங்கிலாந்தில் கோதிக் என்றால் வெளிச்சத்தை உள்ளே இழுக்க வேண்டும், ஆகவே பெரிய கண்ணாடி. இங்கே வெளிச்சம் தாராளம், வேண்டியது காற்று. கூரை உயரம், அறை உயரம், எதிரெதிரே திறப்புகள். ஏப்ரல் மாதம் மெயின் ஸ்ட்ரீட்டில் நடந்து வந்து இந்த நடைக்குள் கால் வைத்தால், முதுகில் ஒட்டிய சட்டை தானாகக் கழன்று கொடுப்பது தெரியும். இதைப் படம் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது.

அந்தக் காலத்துக் கொழும்பில் சுவர் என்றால் செங்கல் அல்லது கபுக்கல் எனும் செம்பாறை, மேலே சுண்ணாம்புச் சாந்து. சீமெந்து பிற்காலத்து வழக்கம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய கட்டடங்களைத் திருத்துகிறோம் என்று வருகிறவர்கள் அதிகம் கெடுப்பது இந்த இடத்தில்தான். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். மழையில் ஈரத்தைக் குடித்து, வெயிலில் வெளியே விடும். அதன் மேல் சீமெந்து பூசி, பிளாஸ்டிக் பெயின்டும் அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, இரண்டு மாரி கழிந்ததும் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும். பிறகு "பழைய கட்டடம், பலமில்லை" என்பார்கள். பலம் சுவரில் இருந்தது, குறை பூச்சில். புறக்கோட்டையில் நீங்கள் எந்தப் பழைய கடையின் மேல்மாடியை அண்ணாந்து பார்த்தாலும் இந்த நோய் தெரியும். கூடவே வெடிப்பில் ஓர் அரசங்கன்றும் நிற்கும்.

இனி, வரைந்தவரைவிட எனக்கு முக்கியமானவருக்கு வருகிறேன். கட்டியவர். கட்டடத்தின் கொந்தராத்து எடுத்தவர் வாப்பிச்சி மரைக்கார். கொழும்புச் சோனகர், தமிழ் பேசும் குடும்பம். நூதனசாலை, கோட்டையில் பழைய பெரிய தபாற்கந்தோர், சுங்கக் கட்டடம், காலிமுகத்திடல் ஹோட்டல், கடிகாரக் கோபுரம் என்று அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் வேலைகளின் வரிசை நீளம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொழும்பின் முகத்தைக் கட்டியவர் என்றே சொல்லிவிடலாம். கவர்னர்மாரின் பெயர் தெருக்களிலும் கல்வெட்டுகளிலும் இருக்கிறது. வரைந்த ஸ்மிதரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. மரைக்காரின் பெயரை நம் ஆட்கள்தான் வாய்வழியாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

புறக்கோட்டை டவுன் ஹோலுக்கு அவர் எடுத்த கொந்தராத்து 689 ஸ்டேர்லிங் பவுண் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் தொகை சொல்வார்கள். முழுக் கட்டடத்துக்கும் இது போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. கூலிக் கொந்தராத்தாக, அல்லது ஒரு பகுதி வேலைக்காக இருந்திருந்தால் கணக்குப் பொருந்தும். எப்படியானாலும் அந்தத் தொகைக்குள் மேசன்மார், தச்சர், சுண்ணாம்பு நீற்றியவர், சாரம் கட்டியவர் எல்லோருடைய கூலியும் இருந்தது. சீமைக் கூர் வளைவை இங்கே ஒரு மேசன் பாஸ் எப்படிக் கட்டியிருப்பார் என்று யோசிப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. அரைவட்ட வளைவுக்கு ஓர் ஆணியும் ஒரு கயிறும் போதும். கூர் வளைவுக்கு இரண்டு ஆணி. இரு புறத்திலிருந்தும் கயிற்றைச் சுழற்றினால் இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடம் உச்சி. மரச் சட்டம் அடித்து, அதன் மேல் கல்லை இரு பக்கமும் சமமாக ஏற்றி, உச்சிக்கல் இறங்கிய பிறகு சட்டத்தைக் கழற்ற வேண்டும். ஒரு முறை சரியாக வந்தால் அதே சட்டத்தை அடுத்த வளைவுக்கும் நகர்த்தலாம். நடையில் வளைவுகள் ஒரே அளவில் வரிசையாக வருவதில் அழகோடு சிக்கனமும் உண்டு.

மரைக்காரைப் பற்றி முஸ்லிம் வீடுகளில் சொல்லப்படும் ஒரு கதையை விட்டுவிட மனமில்லை. 1877இல் நூதனசாலை திறக்கப்பட்டபோது கவர்னர் கிரெகரி அவரை அழைத்து, என்ன வெகுமதி வேண்டும் என்று கேட்டாராம். பட்டமும் வேண்டாம், காணியும் வேண்டாம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நாளில் இந்தக் கட்டடத்தை மூடி வையுங்கள் என்றாராம் மரைக்கார். நூதனசாலை நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடியிருந்ததை என் வயதுக்காரர் அறிவார்கள். பள்ளிச் சுற்றுலா வந்து வாசலோடு திரும்பிய பிள்ளைகளும் அறிவார்கள். 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரி தொடங்கியபோது சித்தி லெப்பையோடு முன்னின்றவர்களில் ஒருவரும் இவர்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கீழ்த்தளத்தில் மாநகர சபையின் பழைய சாமான்கள். ரோட்டுப் போட்ட இயந்திரம், பழைய வாகனங்கள், தெருப் பெயர்ப் பலகைகள். சிறுபிள்ளைகள் இதிலேயே நின்றுவிடுவார்கள். நீங்கள் நிற்க வேண்டாம், மேலே போங்கள். அகலமான மரப் படிக்கட்டு, நான்கு பேர் தோளோடு தோள் ஏறலாம். கைபிடி, தலைமுறை தலைமுறையாகக் கை பட்டு வழவழப்பானது. மேலே பழைய சபை அறை. கதவைத் தள்ளியதும் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். மேசையைச் சுற்றி ஆளுயர உருவங்கள், மீசையும் கோட்டுமாக, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சபை உறுப்பினர்களைப் போல உட்கார வைத்திருக்கிறார்கள். முதல் முறை போனபோது நான் "மன்னிக்க வேணும்" என்று ஒரு அடி பின்வாங்கினேன். ஜன்னலுக்கு வெளியே லொறி ஹோர்ன், "வழி, வழி" என்று நாட்டாமிமாரின் கூச்சல், யாரோ ஒலிபெருக்கியில் மூன்று சாரம் ஆயிரம் ரூபாய் என்கிறான். உள்ளே இந்த ஐயாமார் அசையாமல் ஏதோ தீர்மானத்தைப் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருடைய கோட்டின் தோளில் தூசி நன்றாகப் படிந்திருந்தது. தட்டிவிடக் கை போனது, தொடக்கூடாது என்று இழுத்துக்கொண்டேன்.

பொம்மை விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து பேசியது எதைப் பற்றி என்று நினைத்தால், வெளியே கேட்கும் அந்தச் சத்தத்துக்கும் இந்த அறைக்கும் உள்ள தொடர்பு புரியும். குடிநீர், சாக்கடை, இறைச்சிக் கடை அனுமதி, மாட்டு வண்டில் வரி, தெரு விளக்கு, குப்பை. 1914இல் கொழும்புக்குக் கொள்ளைநோய் வந்தது, தானியக் கப்பலில் வந்த எலிகளோடு. அரிசி மண்டிகள் நிறைந்த இந்தச் சுற்றாடலில்தான் பயம் அதிகம். உறுப்பினர்கள் அதைக் கடிதத்தில் வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை, ஜன்னலைத் திறந்தால் போதும். 1899இல் தொடங்கிய மின்சார டிராம் கார் கிராண்ட்பாஸ் போகும் வழியில் இந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போனது. பக்கத்திலேயே வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கிய பழைய சந்தை. நிறுக்கிற தராசும் வரி போடுகிற மேசையும் கூப்பிடு தூரத்தில். இந்தக் கட்டடத்தின் சிறப்பு கூர் வளைவில் பாதி, இந்த நெருக்கத்தில் பாதி என்பது என் கருத்து. தனியே எடுத்து ஒரு புல்வெளியில் வைத்தால் இது சுமாரான கோதிக் கட்டடம்தான்.

அப்படி ஒரு புல்வெளிக்குத்தான் சபை கடைசியில் போனது. 1920களில் நகரம் தெற்கே பரந்துவிட்டது. பணக்காரர் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை மாடி வீடுகளை விட்டுக் கறுவாத்தோட்டத்து பங்களாக்களுக்குப் போய்விட்டார்கள். நகரத் திட்டவியலாளர் பேட்ரிக் கெடிஸ் 1921இல் கொழும்புக்கென ஒரு அறிக்கை எழுதினார். பூங்கா நகரம் என்ற பேச்சு அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது. சபைக்கும் ஊழியர் பெருகி இடம் போதவில்லை. விக்டோரியா பார்க்குக்கு, அதாவது இன்றைய விகாரமகாதேவி பூங்காவுக்கு முன்னால், 1924இல் மேயர் ரீட் அடிக்கல் நாட்டினார். எழுந்தது தூண் வரிசையும் குவிமாடமுமாக ஒரு வெள்ளை மாளிகை. கோதிக் மோஸ்தர் அதற்குள் பழசாகிவிட்டது. அழகான கட்டடம், மறுக்கவில்லை. இரவில் விளக்குப் போட்டால் இன்னும் அழகு. ஆனால் அதன் ஜன்னலைத் திறந்தால் தெரிவது மரங்கள். 1937இல் கொழும்பின் முதலாவது தெரிவு செய்யப்பட்ட மேயராக டொக்டர் ரத்னஜோதி சரவணமுத்து பதவிக்கு வந்தது அந்த மாளிகையில்தான். ஒரு தமிழர் என்று சொல்லிப் பெருமைப்படும் நம் ஆட்கள் பலருக்கு, அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து 1932இலேயே கொழும்பு வடக்கிலிருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவானவர் என்பது தெரியாது. கொழும்பு வடக்கு என்றால் நமது இந்தப் பக்கம்.

சபை போன பிறகு பழைய கட்டடம் பட்ட பாடு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சந்தை அதை மெல்ல விழுங்கியது. பல வருஷங்கள் அதுவே சந்தையாகவும் இருந்தது. 1980களில் திருத்திச் சுத்தப்படுத்தி, மாநகர நூதனசாலையாக்கினார்கள். அதன் பின்னும் கவனிப்பு ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் இருக்கிறது.

போகிறதென்றால் வேலை நாளில் காலையில் போங்கள், சபை அறையின் ஜன்னலோரம் பத்து நிமிஷம் நில்லுங்கள். வெளிப்புறத்தைப் படம் எடுப்பதென்றால் ஞாயிறு பொழுது நல்லது, கடைகள் பெரும்பாலும் பூட்டு, முகப்பு முழுதாகத் தெரியும். வெளியே வந்ததும் இரண்டு வேலை செய்யலாம். மணிக்கூண்டைப் பாருங்கள். பிறகு ஐந்தாம் குறுக்குத் தெரு பக்கம் காபோஸ் லேனுக்குள் நுழையுங்கள், நாட்டு மருந்துக் கடைகளின் வாசனை மூக்கைத் துளைக்கும். நன்னாரி வேர் வாங்கிக்கொண்டு, யாரையாவது அங்கே வரச் சொல்லியிருந்தால் 'பழைய' என்ற சொல்லை மட்டும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.